கம்பெனியிலிருந்து வந்த மாதிரி

நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வில்லியனூரில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், அடுத்த வீட்டு வம்புக்குப் போக மாட்டார். போன ஆடியில் அவர் இறந்தபோது தெருவே கூடி நின்று நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்றது. நான் போகவில்லை. கடையைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனிதர் மேல் கோபமாக இருப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. நம் பக்கம் நிற்க ஓர் ஆள் கிடைக்காது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் கேசட் சார் என்றால் தெரியும். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மற்றவர்கள் பேனா வைக்கிற பையில் அவர் ஒரு பஞ்சுச் சுருளும், நகப்பூச்சை அழிக்கிற திரவம் உள்ள சின்னக் குப்பியும் வைத்திருப்பார். என் கடைப் படியில் கால் வைக்கும்போதே அந்த வாசனை வந்துவிடும். பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்காரி, "யாருக்கு சார் தெனம் நகம் அழிக்கறீங்க" என்று கேலி செய்வாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

எனக்குத் தேரடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கலர் பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. முதல் தடவை அவர் வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு படத்தை பிரிண்ட் எடுக்க. கேசட் டப்பாவுக்குள் மடித்து வைக்கிற அட்டை அது. அசல் அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்ததை அதன் பக்கத்தில் வைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, "செவப்பு கொஞ்சம் கம்மியா இருக்குதும்மா" என்றார். கூட்டினேன். "இப்ப கொஞ்சம் ஜாஸ்தி." பதினோராவது தாளில்தான் அவர் மனம் ஆறியது. ஒத்துவராத பத்தையும் அவரே சின்னச் சின்னதாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அவர் சேர்த்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் என்ற சங்கதி வெளிநாட்டில் புதிதாக வந்த காலத்தில், காசில்லாதவர்களும் வாங்கட்டும் என்று மலிவாக ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ரப்பர் பொத்தான்கள். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். விளையாட்டெல்லாம் பாட்டு கேட்கிற அதே சாதாரண கேசட்டில் வரும். டேப்ரிக்கார்டரில் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று காதைக் கிழிக்கும். அப்புறம் டிவியில் விளையாட்டு வரும்.

நம் பக்கத்துக்கு அது சொல்தா வீடுகள் வழியாக வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்கள் வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம். லீவில் வருகிறவர்கள் அங்கே பிள்ளைகள் விளையாடிச் சலித்ததைப் பெட்டியில் போட்டு இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார்கள். கேசட் சார் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளைத் தேடிப் போக ஆரம்பித்தார். பாகூர், வில்லியனூர், டவுனில் பழைய தெருக்கள், ஒன்றையும் விடவில்லை. அந்த மெஷினுக்காக வந்த விளையாட்டு எல்லாவற்றையும் பெயர் வரிசைப்படி போட்ட பதினாலு பக்கப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். அதற்கு பைண்டிங் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கேசட் கிடைத்தால் பச்சை மையில் ஒரு டிக்.

"இதெல்லாம் வெளையாடுவீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சே சே. போட்டா டேப்பு தேயும்மா."

"பின்ன இன்னாத்துக்கு சார் சேக்கறீங்க?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல என்னைப் பார்த்தார். "முழுசா இருக்கணும். கம்பெனியிலேருந்து அன்னைக்கு வந்த மாதிரி இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த மனிதர் முழுக்க அடக்கம். கம்பெனி செய்ததுதான் அவருக்குப் பொருள். அதற்கப்புறம் மனிதன் கைபட்டதெல்லாம் அழுக்கு. லேபிளில் ஏதாவது பிள்ளை தன் பெயரை எழுதியிருந்தால் பஞ்சை நனைத்துத் துடைப்பார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையர் காட்டி உரிப்பார். டப்பாவில் பல் பதிந்திருந்தால் டப்பாவையே மாற்றுவார். துடைத்து முடித்ததை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து, "இப்ப பாரு" என்று காட்டுவார். பார்த்தால் நிஜமாகவே புதுசு மாதிரிதான் இருக்கும். நானும் "சூப்பர் சார்" என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாகூரில் என் சித்தப்பா ஒருவர் சொல்தா. அவருடைய இரண்டு பிள்ளைகளும் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள், வருவது அபூர்வம். அவர் வீட்டில் எட்டு கேசட் இருப்பதாகத் தெரிந்து நான்தான் சாருக்குச் சொன்னேன். நான் பஸ்ஸில் போனேன், அவர் ஸ்கூட்டரில் வந்தார். சித்தப்பா பிஸ்கட் டின்னைத் திறந்து கேசட்டுகளைப் பரப்பினார். ஒரு கேசட்டின் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலில் ஏதோ கிறுக்கல். பிள்ளைகள் விளையாடி எடுத்த பாயிண்டை எழுதி வைத்திருந்தார்கள். பெரியவன் இவ்வளவு, சின்னவன் இவ்வளவு, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "சின்னவன் பொய் சொல்றான்."

சார் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

"அது பசங்க எழுதினது சார்," என்றார் சித்தப்பா.

"அதான் அழிக்கறேன்," என்றார் இவர்.

குத்திப் பேசவில்லை. வந்த வீட்டுக்கு ஓர் உபகாரம் செய்கிற முகத்தோடு, தாள் கிழியாமல், பொறுமையாக அழித்தார். தூளை ஊதிவிட்டார். சித்தப்பா எழுந்து உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவரப் போனார் என்று நினைத்தேன், வெறுங்கையோடுதான் திரும்பி வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கேசட் சாருடைய மனைவி அவரைவிட நல்ல மனுஷி. வீட்டில் ஒரே ஒரு ஏசி, அது கேசட் அறையில். "கேசட்டுக்கு ஏசி, எனக்கு காத்தாடி," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கடையில் உட்கார்ந்து சொன்னார். "எங்க கல்யாண போட்டோவுக்குப் பின்னாடியெல்லாம் எங்க மாமியா யாரு யாருன்னு எழுதி வெச்சிருந்தாங்க கண்ணு. ஆல்பத்தச் சுத்தம் பண்றேன்னு அத்தயும் தொடச்சி வெச்சிட்டாரு. இப்ப பாதிப் பேரு யாருன்னே தெரியல. எங்களுக்கு அட்சதை போடறாங்க, யாருன்னு தெரியல." அப்போது நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

இனி என் தம்பி கதைக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அந்த மெஷின் ஒன்று இருந்தது. பெரியப்பா சொல்தா, அவர் கொண்டுவந்து கொடுத்தது. தம்பி குமரனுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயசு. கொஞ்ச நாள் விளையாடினான். அப்புறம் அதோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே ஒரு விளையாட்டு எழுதப்போவதாகச் சொன்னான். அவனுக்குப் பாதி புரியாத பிரெஞ்சுப் புத்தகம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதினான். வயலில் வளைக்குள் போகிற நண்டு, அதைப் பிடிக்க வருகிற ஆள்கள், இப்படி ஏதோ சொல்வான். வீட்டில் ஒரே டிவி. அதை அவன் பிடித்துக்கொண்டதால் எனக்கு வெள்ளிக்கிழமை பாட்டு போயிற்று. அதற்காக அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். இருபத்திரண்டு வயசுப் பெண், பாட்டுக்காகத் தம்பியோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

விளையாட்டை எழுதி முடித்த அன்று, "அம்மா, அக்காவக் கூப்புடு, முடிச்சிட்டேன்," என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா வந்து கூப்பிட்டாள். "அவன் நண்டும் அவனும்," என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவனுக்கு மஞ்சள் காமாலை. கவனிக்காமல் விட்டோம், முற்றிவிட்டது. இருபது நாளில் போய்விட்டான். பார்க்கவே சகிக்கவில்லை என்று அப்பா அந்த மெஷினை டிவி ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டார். கேசட்டை மட்டும் நான் எடுத்து வைத்தேன். புதுக் கேசட் வாங்க வழியில்லாமல் ஒரு கம்பெனி விளையாட்டின் மேலேயே அவன் தன்னுடையதைப் பதிவு செய்திருந்தான். கம்பெனி லேபிளின் குறுக்கே நீலப் பேனாவில் கொட்டை எழுத்தில் "நண்டு" என்று எழுதியிருந்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அது என் பீரோவில் இருந்தது. போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. கல்யாணமாகிக் கொண்டுபோனேன், வீட்டுக்காரர் காலமானபின் திரும்பக் கொண்டுவந்தேன். தம்பி செய்த ஒன்றே ஒன்று அதற்குள் இருக்கிறது, செத்துப்போவதற்குள் ஒருதடவை அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிதாக ஆசை எதுவும் இருந்ததில்லை. கேசட் சாரிடம் ஓடுகிற மெஷின் இருந்தது. மூன்று வருஷம் அவரிடம் கேட்கத் தயங்கினேன். அழுதுவிடுவேனோ என்ற பயம்தான், வேறு காரணமில்லை.

கடைசியில் ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, நண்டு, காமாலை எல்லாம். "நீங்க போடறப்ப என்னக் கூப்டுங்க சார். கடைய மூடிட்டு வந்துடறேன்," என்றேன். தலையாட்டினார். ஆனால் அவர் கண் லேபிளின் மேலேயே இருந்தது. "இது என் லிஸ்ட்ல இன்னும் டிக் விழாததும்மா. ஆறு வருஷமா தேடறேன்," என்றார். அப்போதே பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, காலையில் கடை திறந்ததும் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பென்டிரைவை நீட்டினார். "புதுசா ஒரு கவர் போடணும்மா." பிறகு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த கேசட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். லேபிள் பளபளவென்று இருந்தது. எனக்கு அது எதுவென்று அடையாளம் தெரியவில்லை.

"இன்னாம்மா முழிக்கற. உன்துதான்."

"பேனாவுல எழுதியிருந்தது எங்க சார்?"

"தொடச்சாச்சு. லேபிள்ல ஒரு கீறல் இல்ல பாரு."

"உள்ள இருந்தது சார்?"

"அதத்தான் சொல்ல வந்தேன். உள்ள வேற இன்னாவோ பதிவாயிருந்துச்சு. வெளிநாட்டுல வெச்சிருக்கறவங்க அசல் பதிவ நெட்டுல போட்டிருக்காங்க. அத்த எறக்கி, இது மேலயே திரும்ப ஏத்திட்டேன். இப்ப சரியாயிடுச்சு. கம்பெனியிலேருந்து வந்த மாதிரி."

"அது என் தம்பி சார்."

"தெரியும்மா. சின்னப் பசங்க. அறியாம செஞ்சிடறதுதான்."

என் தம்பியை அவர் மன்னித்தார். என் கடையில், என் எதிரே நின்றுகொண்டு, செத்துப்போன என் தம்பியைப் பெரிய மனசு பண்ணி மன்னித்தார்.

நான் என்னென்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. பென்டிரைவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தது நினைவிருக்கிறது. "மனுஷந்தானா நீங்க" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் நிஜமாகவே புரியாமல் நின்றார். நடித்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். வருமானச் சான்றிதழுக்காக வந்து நின்ற ஒரு பெரியவர், "வயசானவருகிட்ட இப்டியா பேசறது, நல்ல மனுஷன் அவரு," என்று எனக்கு புத்தி சொன்னார். அவருக்கும் ஜெராக்ஸ் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கேசட்டை எடுத்துக்கொண்டு டவுனில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிற ஒரு பையனிடம் போனேன். கேட்டுப் பார்த்துவிட்டு, "மேல ஏத்திட்டா அடியில இருந்தது போச்சுக்கா, எடுக்க முடியாது," என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அவர் சமாதானத்துக்கும் முயன்றார், அவர் வழியில். நாலு மாதம் கழித்து மனைவியிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பினார். பிரித்தேன். அதே கம்பெனி விளையாட்டு, அதே லேபிள், பிரிக்காத உறையோடு. எங்கேயோ சொல்லி வரவழைத்திருக்கிறார். "ஒன்னுக்கு ஒன்னு சரியாப் போச்சுன்னு சொல்லச் சொன்னாரு," என்றார் அந்த அக்கா, தலையைக் குனிந்துகொண்டு. பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் என் கடைக்கு வரவில்லை. தேரடியில் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். அவர் நின்று, நான் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஃபேன்சி ஸ்டோர்காரி சொன்னாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். சித்திரையில் அந்த அக்கா மறுபடியும் வந்தார். "ஒரு தடவ வந்துட்டுப் போ கண்ணு. உங்கிட்ட இன்னாவோ சொல்லணும்றாரு." மன்னிப்புக் கேட்பார், நான் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கேசட் அறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் அலமாரிகளில் வரிசையாகக் கேசட்டுகள், ஒன்றின் மேல்கூட ஒரு பேனாக்கோடு கிடையாது. அவர் இளைத்துப் போயிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"அழிக்கறதுக்கு முன்னாடி அத்த ஒரு தடவ போட்டுப் பாத்தேன்மா," என்றார். "அத்த உங்கிட்ட சொல்லவே இல்ல."

ஒரு வருஷமாக இந்த ஆளை மனசுக்குள் வைது தீர்த்திருக்கிறேன். இவர் கண் அதைப் பார்த்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார் வந்துச்சு?"

"நண்டு மாதிரி ஒன்னு. புள்ளி புள்ளியா. ஓரமா நடந்துச்சு, நல்லாதான் நடந்துச்சு. அப்புறம் உன் பேர் இன்னான்னு கேட்டுச்சு. தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்துல போட்டிருந்தான். என் பேர அடிச்சேன்."

"அடிச்சதும்?"

"போடான்னு வந்துச்சு."

அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சார் மட்டும் அதே முகத்தோடு சொல்லிக்கொண்டு போனார்.

"எங்க வூட்டம்மா பேர அடிச்சேன், அதுக்கும் போடா. முருகன்னு அடிச்சேன், அதுக்கும் அதேதான். உள்ளயே வுடல. எழுதனதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"வெறும் போடா மட்டுந்தானா சார்?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பட்டியலில் இல்லாத ஒன்றை நினைவுபடுத்துவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"இல்ல. கூட ஒரு வரி இருந்துச்சு. போடா, போய் அக்காவக் கூப்புடுன்னு."

என் பெயரை அடித்தால் மட்டும் திறக்கிற மாதிரி எழுதியிருக்கிறான் குமரன். நான் அவனோடு பேசாமல் இருந்த அந்த நாட்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். திறந்தால் உள்ளே என்ன இருந்தது என்பது இந்த மனிதருக்குத் தெரியாது, இனிமேல் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவன் ஒருதடவை கூப்பிட்டான், நான் போகவில்லை. முப்பது வருஷம் கழித்து, செத்துப்போன பிறகும், டிவிக்குள்ளிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறான். இந்தத் தடவை நான் ஓடி வந்திருப்பேன்.

"மூணு தடவ சொல்லியிருக்குது சார்," என்றேன். "ரெண்டு தெரு தள்ளித்தான என் கடை. கூப்ட்டிருக்கலாமே."